தோலின் விலையும் துவக்கின் குழலும்: வட அமெரிக்க உரோம வேட்டை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

வேட்டைக் கருவிகளின் வரலாறு பெரும்பாலும் பொறியியலாளரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. இன்ன ஆண்டில் இன்னார் இன்ன துவக்கை ஆக்கினார், அது முன்னையதிலும் விரைவாகச் சுட்டது என்ற முறையிலமைந்த அட்டவணைகள் பல உள. ஆனால் ஒரு கருவி ஏன் குறிப்பிட்ட ஒரு காலத்தில் வேண்டப்பட்டது, அதனை வேண்டியவர் யார், அதன் பயனும் நட்டமும் எவரைச் சென்றடைந்தன என்னும் வினாக்களுக்கு அவ்வட்டவணைகளில் விடை காண்பதரிது. இவ்வினாக்களை ஒரு சிறிய எடுத்துக்காட்டின் வழியாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வட அமெரிக்காவிற் கொயோட்டியையும் நரியையும் உரோமத்தோலுக்காகச் சுடுவோரிடையே, எந்தக் குழல்விட்டமுடைய றைபிள் சிறந்தது என்ற விவாதம் பல தசாப்தங்களாக நடைபெற்று வருகிறது. கொயோட்டி நமது நாட்டு நரிக்கு உறவான விலங்கு. பொதுவாக அதனிலும் பெரியது, ஓநாயிலும் சிறியது. அதன் பெயர் மெக்சிக்கோவின் நாகுவாத்தல் மொழியிற் பிறந்து ஸ்பானிய மொழி வழியாக ஆங்கிலத்துட் புகுந்தது. 1823இல் தோமஸ் சே என்னும் இயற்கையியலாளர், ‘குரைக்கும் நாய்’ எனப் பொருள்படும் இலத்தீன் பெயரை அதற்குச் சூட்டினார். வளர்ந்த கொயோட்டி ஏறத்தாழ 8 முதல் 20 கிலோகிராம் வரை நிறையுடையது. செந்நரியோ 3 முதல் 7 கிலோகிராம் வரையே நிறைகொள்ளும்; அதன் தோலும் மெல்லியது.

உரோம வேட்டைக்காரனை எதிர்நோக்கும் சிக்கல் இரண்டு முரண்பட்ட தேவைகளாலானது. விலங்கு நின்ற இடத்திலேயே விழவேண்டும்; ஆயின் அதன் தோல் கிழியலாகாது. விரைவான சாவுக்கு வலிமை வேண்டும். முழுமையான தோலுக்கு மென்மை வேண்டும். இம்முரண்பாட்டினைத் தீர்க்கும் முயற்சியாகவே பல தோட்டாக்கள் ஆக்கப்பட்டன. இம்முரண்பாடு விலங்கின் உடலிலிருந்து பிறந்ததன்று, விலங்கு பண்டமாக மாறியமையாற் பிறந்தது என்பதே இங்கு நிறுவப்படவுள்ள கருத்தாகும்.

2. துளையில்லாச் சாவு

தோலிற் துளை விழாது கொல்லும் வழியைத் தேடியது துவக்கு யுகத்துக்கு முற்பட்ட முயற்சியாகும். சைபீரியாவின் வேட்டைக் குடிகள் கறுஞ்சேபிளையும் அணிலையும் வீழ்த்துவதற்கு, எலும்பாலோ மரத்தாலோ ஆன மொட்டைத் தலையுடைய அம்புகளைக் கையாண்டனர். அம்பு துளைக்காது, அடித்துக் கொல்லும். சார் மன்னர் ஆட்சி அக்குடிகளிடமிருந்து ‘யசாக்’ என்னும் திறையை உரோமத்தோலாகவே பெற்றது என்பது இவ்விடத்தில் மனங்கொள்ளத்தக்கது.

வட அமெரிக்காவில், 1670இல் இரண்டாம் சார்ள்ஸ் மன்னனிடமிருந்து பட்டயம் பெற்ற ஹட்சன் குடாக் கொம்பனி உரோம வாணிகத்தினை ஒரு பெரும் ஏகபோகமாக்கியது. அக்கொம்பனியின் கணக்குகளில் நீர்நாயை ஒத்த பீவரின் தோலே மதிப்பளவாக விளங்கிற்று. துவக்கு, கம்பளி, கத்தி யாவும் இத்தனை பீவர்த் தோல் என விலை குறிக்கப்பட்டன. பழங்குடி வேட்டைக்காரர் பருவத் தொடக்கத்திற் பண்டங்களைக் கடனாகப் பெற்று, பருவ முடிவிலே தோல் கொடுத்துக் கடன் தீர்த்தனர். கொம்பனி துவக்குகளை ஏராளமாக விற்றபோதிலும், பீவர் பெரிதும் பொறியாலும் வலையாலும் அதன் வாழிடத்தை உடைத்துமே பிடிக்கப்பட்டது. தோலைத் தேடியவனுக்குத் துவக்கு முதன்மையான கருவியாக இருக்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உருக்குப் பொறி பெருமளவில் உற்பத்தியாயிற்று. இவ்வுற்பத்தியின் நடுவணாக விளங்கியது நியூயோர்க் மாநிலத்தில் ஜோன் ஹம்பிரி நொய்ஸ் 1848இல் நிறுவிய ஒனைடா சமூகம் என்பது வரலாற்றின் முரண்நகைகளுள் ஒன்றாகும். தனிச்சொத்தினைத் துறந்து பொதுவுடைமை வாழ்வு வாழ முயன்ற அச்சமயக் குழுவினர், சூவல் நியூஹவுஸ் என்னும் உறுப்பினர் வகுத்த பொறிகளை விற்றே தம் வாழ்வுக்கான வருவாயிற் பெரும்பங்கினைப் பெற்றனர். சந்தைக்கு வெளியே வாழ விரும்பியோரும் சந்தையின் கருவியைச் செய்தே வாழவேண்டியிருந்தது. 1881இல் அச்சமூகம் பங்கு மூலதனக் கொம்பனியாக மாறியது.

பொறியோடு நஞ்சும் சேர்ந்தது. 1860களிலும் 1870களிலும் பெருஞ்சமவெளிகளில் ‘ஓநாய்க்காரர்’ எனப்பட்டோர், சுட்ட காட்டெருமையின் உடலில் ஸ்ட்ரிக்னைன் நஞ்சைத் தடவி வைத்து, அதனை உண்டு மடிந்த ஓநாய்களினதும் கொயோட்டிகளினதும் தோலை உரித்தெடுத்தனர். இந்நஞ்சு தென்னாசியக் காடுகளில் வளரும் எட்டி மரத்தின் விதையிலிருந்து பெறப்படுவது. காஞ்சிரை எனவும் நாமறிந்த மரமே அது. இக்காடுகளின் விதை கடல் கடந்து சென்று அச்சமவெளியின் ஓநாயைக் கொன்றது. அதன் தோல் மீண்டும் கடல் கடந்து ஐரோப்பியச் சந்தையை அடைந்தது. உலகச் சந்தை என்னும் சொல்லின் உட்பொருளை விளக்க இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. தோல் வாணிகனின் நோக்கில் நஞ்சு குறையற்ற கருவி: அது ஒரு துளையையும் விட்டுச்செல்வதில்லை.

3. ஈயமும் குழலும்

குழல்விட்டம் என்பது துவக்குக் குழலின் உள்விட்டமாகும். ஆங்கில மரபில் இது அங்குலத்தின் பின்னமாகக் குறிக்கப்படுகிறது; .22 என்பது ஏறத்தாழ 5.6 மில்லிமீற்றர். விட்டத்தின் அளவை நிர்ணயித்த காரணிகள் காலத்துக்குக் காலம் வேறுபட்டன.

பதினெட்டாம் நூற்றாண்டிற் பென்சில்வேனியாவிற் குடியேறிய ஜேர்மன் கொல்லர்கள், தாயகத்தின் குறுகிய பருத்த றைபிளை நீண்ட மெல்லிய றைபிளாக மாற்றினர். அம்மாற்றத்தில் ஈயத்தின் அருமை முக்கிய இடம்பெற்றது. ஓர் இறாத்தல் ஈயத்தில் .60 விட்டமுடைய உருண்டைச் சன்னங்கள் இருபதளவே வார்க்கலாம்; .45 விட்டமாயின் ஐம்பதளவு வார்க்கலாம். கடையிலிருந்து நெடுந்தொலைவில், முதுகிற் சுமந்த ஈயத்தை நம்பி வாழ்ந்தவனுக்கு விட்டத்தைக் குறைத்தல் வாழ்வை நீட்டித்தலாகும். பின்னர் மேற்குச் சமவெளிகளுக்குச் சென்றோர் காட்டெருமையையும் பெருங்கரடியையும் எதிர்கொள்ள .50 விட்டத்தையும் அதற்கு மேற்பட்டதையும் நாடினர். 1870களிற் காட்டெருமைத் தோல் இயந்திரப் பட்டிகளுக்கான தொழில்துறைத் தோலாகப் பயன்படத் தொடங்கியபோது, பருத்த குழல்களே அவ்வழிப்பினை நிகழ்த்தின. பட்டிக்கான தடித்த பெருந்தோலில் ஒரு துளை பொருட்டாகவில்லை.

இவ்வாறாக, ஈயத்தின் அருமை குழலைச் சுருக்கியது. பெருவிலங்கின் உடல் அதனை விரித்தது. உரோமத்தின் விலை குழலைத் தீர்மானிக்கும் காலம் இனித்தான் வரவிருந்தது. அதற்கு இரண்டு தொழில்நுட்ப முன்நிபந்தனைகள் தேவைப்பட்டன. ஒன்று, 1884இற் பிரான்சிற் போல் வியேல் ஆக்கிய புகையற்ற வெடிமருந்து. மற்றது, உயர்வேகத்தில் ஈயம் குழலில் உருகிப் படியாதவாறு காக்கும் செப்புறை. இவை இரண்டும் இணைந்தபோது, சிறிய சன்னத்தையும் ஒலியின் இருமடங்கு, மும்மடங்கு வேகத்திற் செலுத்தல் இயல்வதாயிற்று. சன்னத்தின் ஆற்றல் அதன் நிறையை நேர்விகிதத்திலும், வேகத்தை இருபடி விகிதத்திலும் சார்ந்தது என்பதால், நிறையைக் குறைத்து வேகத்தைப் பெருக்குதல் பயன்தரும் வழியாயிற்று.

4. ஒரு விலங்கு, இரண்டு கூலிகள்

கொயோட்டியின் சாவுக்கு அமெரிக்காவில் இரண்டு வகையான கூலி வழங்கப்பட்டது. முதலாவது, அரசோ ஆட்டு மந்தை உடைமையாளரோ வழங்கிய வெகுமதிப் பணம். 1630இலேயே மசாசூசெற்ஸ் குடாக் குடியேற்றம் ஓநாய்க்கு வெகுமதி விதித்தது; பின்னர் இம்முறை மேற்கு நோக்கிப் பரவிக் கொயோட்டியையும் உள்ளடக்கிற்று. 1915இல் மத்திய அரசின் நிதி இப்பணிக்கு ஒதுக்கப்பட்டது. 1931இல் விலங்குச் சேதக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. இதனால் நன்மையடைந்தோருள் முதன்மையானோர் பொதுநிலத்தில் மந்தை மேய்த்த பெரும் பண்ணையாளரே.

வெகுமதி பெறுபவன் காதையோ தலைத்தோலையோ சான்றாகக் காட்டினாற் போதுமானது. உடல் எவ்வாறு சிதைந்தது என்பதை எவரும் வினவுவதில்லை. ஆதலின் அவனுக்கு நீண்ட தூரம் சுடும் வலிய றைபிள் எதுவும் ஏற்றதே.

இரண்டாவது கூலி தோலின் விலை. இதனை வழங்குபவன் உரோம வாணிகன். அவன் தோலை விரித்து, அளவு, நிறம், உரோமத்தின் செறிவு, சேதம் என்பவற்றைக் கணித்துத் தரம்பிரிக்கின்றான். குளிர்காலத்தின் முதிர்ந்த உரோமத்துக்கு உயர்ந்த விலை. பருவத்துக்கு முன்னர் உரித்த தோலின் உட்புறம் கறுத்திருக்குமாதலால் விலை குறையும். ஊசித்துளை போன்ற காயம் பதனிடும்போது மறைந்துவிடும். நாணய அளவுத் துளையைத் தைக்கவேண்டும். உள்ளங்கை அளவு கிழிந்தால் அப்பகுதியை வெட்டி நீக்கவேண்டும். இவ்வொவ்வொரு படிக்கும் விலையிற் கழிவு உண்டு.

இங்குக் கவனிக்கத்தக்கது யாதெனில், இக்கழிவு முழுவதும் வேட்டைக்காரனையே சாரும் என்பதாகும். பனியில் அலைவதும், எரிபொருளும், தோட்டாவும், உரித்தலும் காயவைத்தலும் அவனுடைய செலவுகள். பண்டத்தின் சேதமும் அவனுடைய கணக்கிலேயே எழுதப்படுகின்றது. விலையை நிர்ணயிக்கும் ஏல மண்டபத்தில் அவனுக்கு இடமில்லை. அவன் மாற்றக்கூடியது ஒன்றேயொன்று: தன் கையிலுள்ள கருவி. சந்தை உறவின் அழுத்தம் தொழில்நுட்ப வினாவாக உருமாறி அவனை வந்தடைகிறது. ‘என் உழைப்பின் விலையை யார் தீர்மானிக்கின்றனர்?’ என்ற வினா, ‘எந்த விட்டம் சிறந்தது?’ என்ற வினாவாக அவன் வாயிற் பிறக்கின்றது.

5. இருபத்திரண்டின் வளர்ச்சி

1887இல் அறிமுகமான .22 நீள் றைபிள் தோட்டா சிறுவிலங்குகளுக்கு மலிவான கருவியாயிற்று. அதன் 40 கிறெயின், அதாவது 2.6 கிராம், ஈயச் சன்னம் தோலை அதிகம் சிதைப்பதில்லை. ஆயினும் அதன் ஆற்றல் 200 ஜூலுக்கும் குறைந்தது. பொறியில் அகப்பட்ட நரியைக் கொல்ல அது போதும்; நூறு யார் தொலைவில் நிற்கும் கொயோட்டிக்குப் போதாது. அடிபட்ட விலங்கு புதருக்குள் ஓடி மெல்ல மடியும், தோலும் கிடைக்காது.

1920களிற் ஸ்பிறிங்பீல்ட் அரச ஆயுதசாலையைச் சார்ந்த சிலர், 1885ஆம் ஆண்டின் பழைய .22 மையவெடித் தோட்டாவைப் புகையற்ற மருந்திட்டுச் சோதித்தனர். 1930இல் வின்செஸ்ரர் நிறுவனம் அதனை .22 ஹோர்னெற் என்ற பெயரிற் சந்தைக்கு விட்டது. குளவி எனப் பொருள்படும் இத்தோட்டா 45 கிறெயின் சன்னத்தைச் செக்கனுக்கு ஏறத்தாழ 800 மீற்றர் வேகத்திற் செலுத்திற்று. 1935இல் அதே நிறுவனம் வெளியிட்ட .220 ஸ்விஃப்ற், 48 கிறெயின் சன்னத்துக்குச் செக்கனுக்கு 4,110 அடி, அதாவது 1,250 மீற்றர் அளவான வேகத்தை அளித்தது. ஆனால் அவ்வேகம் குழலை விரைந்து அரித்தது என்ற முறைப்பாடு நிலைத்தது.

1950இல் றெமிங்ரன் நிறுவனத்தின் மைக் வோக்கர் .222 தோட்டாவை வகுத்தார். ஹோர்னெற்றுக்கும் ஸ்விஃப்றுக்கும் இடைப்பட்ட இத்தோட்டாவின் துல்லியம் இலக்குச் சுடுவோரையும் வேட்டைக்காரரையும் ஒருங்கே கவர்ந்தது. 1930களிலிருந்து தனிப்பட்ட துவக்குக் கொல்லர் ஆக்கிவந்த .22-250 தோட்டாவை 1965இல் றெமிங்ரன் தொழிற்சாலை உற்பத்தியாக்கியது. 55 கிறெயின் சன்னத்தைச் செக்கனுக்கு 1,100 மீற்றருக்கு மேற்பட்ட வேகத்திற் செலுத்தும் இது ஏறத்தாழ 2,200 ஜூல் ஆற்றலுடையது. முந்நூறு யார் தொலைவிலும் கொயோட்டியை வீழ்த்தவல்லது.

இவ்வேகங்களின் பொறிமுறையைச் சிறிது விளக்குதல் வேண்டும். மெல்லிய செப்புறையுடைய இலகுவான சன்னம் மிகுவேகத்தில் நெஞ்சறையுட் புகும்போது, புகுவாயிற் சிறு துளையையே விடுகிறது. உட்சென்றதும் நொறுங்கித் தன் ஆற்றல் முழுவதையும் அங்கேயே செலவிடுகிறது. வெளியேறுவதற்கு எதுவும் எஞ்சுவதில்லை. விலங்கு உடனே விழும். தோலில் ஒரு சிறு துளை மட்டுமே காணப்படும். சன்னம் சற்றுப் பாரமாயின், விரிந்த நிலையில் மறுபக்கத்தாற் கிழித்துக்கொண்டு வெளியேறும். 1955இல் வந்த .243 வின்செஸ்ரர் மானுக்கும் உதவும் என்பதால் விரும்பப்பட்டதெனினும், நரித்தோலைப் பெரிதும் சேதப்படுத்தியமைக்கு இதுவே காரணம். முழுச் செப்புறைச் சன்னம் விரியாது ஊடுருவிச் செல்லும். தோல் தப்பும், ஆயின் விலங்கு காயத்தோடு ஓடும். மிக இலகுவான சன்னமோ தோள் எலும்பிற் பட்டால் மேற்பரப்பிலேயே சிதறி, தோலையும் கெடுத்து, விலங்கையும் உயிரோடு விடும்.

மேலும், கொயோட்டியின் உடலுள் அடங்கும் சன்னம் மெல்லுடல் நரியினூடாக வெளியேறக்கூடும். காயம்பட்ட முயலின் ஒலியை எழுப்பி விலங்கை ஐம்பது யாருக்குள் அழைக்கும் வேட்டைக்கும், திறந்த சமவெளியிற் காற்றினூடே முந்நூறு யார் சுடும் வேட்டைக்கும் ஒரே தோட்டா பொருந்தாது. ஆகவே எல்லாச் சூழலுக்குமான ஒரு விட்டம் இல்லை. விவாதம் முடிவுறாமைக்கு இது ஒரு காரணம். தேவை முரண்பட்டதாதலின் ஒவ்வொரு புதிய தோட்டாவையும் தீர்வாக விற்கலாம் என்பது மற்றொரு காரணம்.

6. வேட்டைக்களமும் போர்க்களமும்

நரித்தோலைக் காக்கும் சன்னத்தின் பொறிமுறை மனித உடலில் நிகழ்த்துவது யாது? இவ்வினாவை ஆய்வாளர் தவிர்த்தல் இயலாது.

விரியும் சன்னத்தின் வரலாற்றில் நமது துணைக்கண்டத்துக்கு ஒரு துயரமான இடமுண்டு. கல்கத்தாவுக்கு அண்மையிலுள்ள டம்டம் ஆயுதசாலையில் 1890களின் நடுப்பகுதியில், முனையில் உறை நீக்கிய சன்னம் பிரித்தானிய இந்தியப் படைக்காக ஆக்கப்பட்டது. வடமேற்கு எல்லைப் பழங்குடிகளுக்கு எதிராக அது பயன்பட்டது. 1899இன் ஹேக் மாநாடு உடலில் எளிதில் விரியும் சன்னங்களைப் போரில் தடைசெய்யும் பிரகடனத்தை வெளியிட்டபோது, பிரித்தானியாவும் ஐக்கிய அமெரிக்காவும் அதனை எதிர்த்தன. பிரித்தானியா 1907இலேயே அதனை ஏற்றது. போருக்குத் தடைசெய்யப்பட்ட அதே தத்துவம் வேட்டையில் வழமையாயிற்று.

1950களின் பிற்பகுதியில் இத்தொடர்பு எதிர்த்திசையிற் சென்றது. ஆர்மலைற் நிறுவனத்தின் யூஜின் ஸ்ரோனர் புதிய படைத்துறை றைபிளை வகுத்தபோது, 500 யார் தொலைவிற் படைவீரனின் உருக்குத் தொப்பியைத் துளைக்கவல்ல சிறுவிட்டத் தோட்டா வேண்டப்பட்டது. வேட்டைக்கும் இலக்குக்கும் ஆக்கப்பட்ட .222 தோட்டாவை நீட்டியே அது பெறப்பட்டது. 5.56 மி.மீ. என்ற பெயரில் அது எம்-16 றைபிளின் தோட்டாவாக வியட்நாமுக்குச் சென்றது; .223 றெமிங்ரன் என்ற பெயரில் 1964இல் வேட்டைச் சந்தைக்கு வந்தது. படைத்துறை உற்பத்தியின் பேரளவு காரணமாகத் தோட்டாவும் வெற்றுறையும் மலிவாகக் கிடைத்தன. காலப்போக்கில் .223 கொயோட்டி வேட்டையின் மிகப் பரவலான தோட்டாக்களுள் ஒன்றாயிற்று.

படைத்துறைச் சன்னம் முழுச் செப்புறையுடையதாதலால் ஹேக் பிரகடனத்தின் சொல்லுக்கு அடங்கியது. எனினும் அண்மைத் தூரத்தில் உயர்வேகத்தோடு தசையுட் புகும்போது அது புரண்டு உடையும் இயல்புடையது. 1979இல் ஐக்கிய நாடுகள் மாநாடு ஒன்று சிறுவிட்ட ஆயுதங்களின் காயத் தன்மையை மேலும் ஆராயுமாறு அரசுகளைக் கோரும் தீர்மானத்தை நிறைவேற்றியது. வியட்நாமிய உழவனின் நெஞ்சைச் சிதைத்த சன்னமும் மொன்ரானாவில் நரித்தோலைக் காத்த சன்னமும் ஒரே குடும்பத்தின; ஒரே தொழிற்றுறையின் உற்பத்திகள்.

7. ஏற்றமும் பதினேழின் வருகையும்

1970கள் வட அமெரிக்க உரோம வரலாற்றில் ஒரு திருப்பத்தைக் குறிக்கின்றன. அழிநிலை விலங்குகளின் சர்வதேச வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் 1973 மார்ச்சில் வாஷிங்ரனிற் கைச்சாத்தாகி 1975 யூலையில் நடைமுறைக்கு வந்தது. சிறுத்தை முதலிய புள்ளியுரோமங்களின் வரத்து ஒடுங்கியது. மேற்கு ஐரோப்பாவில், சிறப்பாக மேற்கு ஜேர்மனியில், நீண்ட உரோமங்களுக்கான நாகரிக வேட்கை எழுந்தது. முன்னர் சொற்ப விலைபெற்ற கொயோட்டித் தோலும் நரித்தோலும் பன்மடங்கு விலையேறின. ஒரு கண்டத்தின் சிறுத்தைகளைக் காத்த சட்டம் வேறொரு கண்டத்தின் கொயோட்டிகள் மீது கேள்வியைத் திருப்பிவிட்டது, நுகர்வு குறையவில்லை.

அதே காலத்தில், 1972 பெப்ரவரியில் அதிபர் நிக்சன் மத்திய அரசின் நிலங்களிற் கொன்றுண்ணிகளுக்கு எதிராக நஞ்சு வைத்தலைத் தடைசெய்தார். அத்தடையை 1982இல் றீகன் நீக்கினார். நஞ்சு பின்வாங்கிய வெளியில் விலையேற்றம் பண்ணைத் தொழிலாளரையும் சிறு உழவரையும் றைபிளோடு இறக்கியது. குளிர்கால மாதங்களில் வேறு வருவாயற்றோருக்கு ஒரு நல்ல தோல் பல நாட் கூலிக்கு நிகராயிற்று. தோலின் விலை உயர உயர, துளையின் விலையும் உயர்ந்தது.

இச்சூழலிலேயே 1971இல் வெளியான .17 றெமிங்ரன் தனக்குரிய இடத்தைப் பெற்றது. .223இன் உறையைச் சுருக்கிப் பெற்ற இத்தோட்டா, 25 கிறெயின், அதாவது 1.6 கிராம் சன்னத்தைச் செக்கனுக்கு 4,040 அடி, அதாவது 1,230 மீற்றர் வேகத்திற் செலுத்தியது. ஆற்றல் ஏறத்தாழ 1,200 ஜூல். புகுதுளை கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறிது. வெளித்துளை பெரும்பாலும் இல்லை. குழல் விரைவில் அழுக்கடைதலும், காற்றிற் சன்னம் விலகுதலும் அதன் குறைகள். ஈயத்தின் அருமையால் ஒருகாற் சுருங்கிய குழல் இப்போது தோலின் அருமையாற் சுருங்கிற்று. மொட்டை அம்பும் எட்டி நஞ்சும் செய்த பணியை உயர்வேகப் பௌதிகம் மேற்கொண்டது. 2004இல் வந்த .204 றூகரும் இவ்வழிப்பட்டதே.

8. சோவியத் அனுபவம்

இப்போக்கு முதலாளித்துவச் சந்தைக்கு மட்டுமே உரியதெனக் கொள்வது எளிது. ஆயின் அது முழுமையான முடிவாகாது. சோவியத் அரசு தன் தொடக்கத் தசாப்தங்களில் இயந்திர இறக்குமதிக்கு வேண்டிய அந்நியச் செலாவணியை ஈட்டிய வழிகளுள் உரோம ஏற்றுமதி முக்கியமானது. 1931இலிருந்து லெனின்கிராட்டிற் சர்வதேச உரோம ஏலம் நடைபெற்றது. சைபீரிய வேட்டைக்காரர் தூலா நகரத் தொழிற்சாலையின் 5.6 மி.மீ. சிறுவிட்ட றைபிளால் அணிலைத் தலையிற் சுட்டனர். அரச கொள்முதல் நிலையம் தோலைத் தரம்பிரித்து, துளைக்குக் கழிவு விதித்தது. பின்னர் 7.62 மி.மீ. படைத்துறைத் தோட்டாவின் உறையைச் சுருக்கி 5.6 மி.மீ. வேட்டைத் தோட்டாவையும் ஆக்கினர்.

வேறுபாடுகளும் உண்டு. 1935 முதல் 1940 வரை கறுஞ்சேபிள் வேட்டையை முற்றாக நிறுத்தி, விலங்குகளை மீள்குடியேற்றி, அழிவின் விளிம்பிலிருந்த இனத்தை மீட்டது அவ்வரசின் திட்டமிட்ட செயலாகும். புரட்சிக்குச் சற்று முன்னர் நிறுவப்பட்ட பர்குசின் காப்பகமும் இதற்குத் துணைநின்றது. திட்டமிடல் இனத்தைக் காத்தது. ஆயின் தோல் உலகச் சந்தைக்கான பண்டமாகவே இருந்தவரை, துளையின் கணக்கு தரம்பிரிக்கும் மேசையில் நீடித்தது. உடைமை மாற்றம் மட்டும் பண்டத்தின் தர்க்கத்தை நீக்கிவிடாது என்பதற்கு இது ஒரு சான்றாகும்.

9. முடிவுரை

ஏற்றம் நீடிக்கவில்லை. 1987 ஒக்ரோபரிற் பங்குச் சந்தை சரிந்தது. பண்ணை மிங்க் உற்பத்தி மிகுந்திருந்தது. உரோம எதிர்ப்பியக்கமும் வலுத்தது. விலைகள் வீழ்ந்தன. அவ்வாண்டிலேயே ஹட்சன் குடாக் கொம்பனி தன் உரோம ஏலப் பிரிவினை விற்றது. பின்னர் குளிரங்கியின் தலைமூடி விளிம்புக்குக் கொயோட்டி உரோமம் நாகரிகமானபோது விலை ஓரளவு மீண்டது. அந்நாகரிகத்தைப் பரப்பிய கனடா கூஸ் நிறுவனமே 2021இல் உரோமத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. 1670இற் பட்டயம் பெற்ற ஹட்சன் குடாக் கொம்பனி 2025இல் தன் கடைகள் அனைத்தையும் மூடியது. விலை சரிந்த ஒவ்வொரு முறையும் நட்டம் ஏல மண்டபத்தில் தங்கவில்லை. விலையுயர்ந்த றைபிளோடு பனியில் நின்றவனையே அது சென்றடைந்தது.

கொயோட்டியோ அழியவில்லை. ஓநாய் அழிக்கப்பட்ட நிலங்களில் அது பரவி, அத்திலாந்திக் கரை வரையும், 1980களிற் பனாமா வரையும் சென்றது. நெருக்கப்படும்போது கூடுதலாகக் குட்டியீனும் அதன் இயல்பு, வெகுமதிப் பணத்தின் நோக்கத்தையே தோற்கடித்தது.

மேற்கூறியவற்றிலிருந்து பெறப்படும் முடிபு இதுவாகும். ஒரே கொயோட்டிக்கு மந்தை உடைமையாளன் ஒரு துவக்கையும், தோல் வாணிகன் வேறொரு துவக்கையும் வேட்டைக்காரன் கையிற் கொடுத்தனர். விலங்கின் உடல் மாறவில்லை. அதற்குக் கிடைத்த கூலியின் வடிவமே மாறியது. ஈயம் அரிதான காலத்தில் ஈயத்தின் விலையும், தோல் அரிதான காலத்தில் தோலின் விலையும் குழலைச் சுருக்கின. போர் மலிவாக்கிய தோட்டாவே ஈற்றில் எங்கும் பரவியது. எனவே எந்த விட்டம் சிறந்தது என்ற வினாவுக்குத் தோட்டா அட்டவணை மட்டும் விடைதராது. யாருக்குச் சிறந்தது, எந்தக் கூலிக்குச் சிறந்தது என்னும் வினாக்களையும் அதனோடு சேர்த்தே எழுப்புதல் வேண்டும். கருவிகளின் வரலாற்றை உழைப்பின் வரலாற்றோடு இணைத்துப் படிக்கும் முறை, பொறியியல் நுணுக்கங்களைப் புறக்கணிப்பதால் அன்று, அவற்றை முற்றாக விளங்கிக்கொள்வதாலேயே வலுப்பெறும்.